உறவு காணச் செல்லும் வழி: மலையகப் புனைகதையிற் சிறுபயணங்கள்

மலையகத் தமிழிலக்கியம் குறித்து எழுந்துள்ள ஆய்வுரைகளை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை இரு நெடும் பயணங்களுக்கிடையில் தம் எல்லையை வகுத்துக்கொள்வதைக் காணலாம். தென்னிந்தியச் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்த பயணம் ஒன்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் கோச்சியேறித் தலைமன்னார்த் துறைக்குச் சென்ற பயணம் மற்றொன்று. வருகைக்கும் போக்குக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அம்மக்கள் ஓரிடத்தில் அசையாது நின்று கொழுந்து பறித்தனர் என்பது போன்றதொரு தோற்றம் இதனால் ஏற்பட்டுவிடுகின்றது. அவர்கள் அசையாது நிற்கவில்லை. அண்ணன் மகளின் சடங்குக்கும், மாமன் வீட்டுத் திருமணத்துக்கும், பெரியப்பனின் கருமாதிக்கும், வேறு தோட்டத்துக்குப் பேர் மாற்றிச் சென்றுவிட்ட பழைய கூட்டாளியை ஒருநாள் பார்த்து வருவதற்குமாக மஸ்கெலியாவிலிருந்து இராகலைக்கும் பொகவந்தலாவையிலிருந்து புசல்லாவைக்கும் பிள்ளைகுட்டிகளோடு சென்றவண்ணமே இருந்தனர். இச்சிறு பயணங்கள் மலையக ஆக்க இலக்கியத்தில் எவ்விடத்தைப் பெற்றன, பெறாதுவிட்டன என்பது இதுவரை முறையாக நோக்கப்படவில்லை.

உழைப்பும் சுரண்டலும் உரிமையிழப்பும் ஆகிய பெரும் பொருள்கள் இருக்க, உறவினர் வீட்டுக்குப் போய்வருதல் ஓர் ஆய்வுப் பொருளாகுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயின், ஒரு மக்கட் கூட்டத்தைத் தொழிற்படை என்னும் நிலையிலிருந்து சமூகம் என்னும் நிலைக்கு உயர்த்துவது எது என வினவினால், விடை கொழுந்து மலையிலோ பிரட்டுக் களத்திலோ கிடைப்பதன்று. தோட்ட நிருவாகம் தொழிலாளியைச் செக்ரோலில் ஒரு பேராக மட்டுமே அறிந்தது. அப்பேருக்கு உரியவர் ஒருவருக்கு மாமன், ஒருவருக்குக் கொழுந்தன், இன்னொருவருக்கு ஒரே கோச்சியில் வந்த கூட்டாளி என்பதைத் தோட்டத்தின் எந்த ஏடும் பதியவில்லை. அதனைப் பதிந்தது, விடுமுறை நாளிலே துணி மூட்டையுடன் இன்னொரு தோட்டத்தின் மேட்டு லயத்தை நோக்கி ஏறிய கால்களே.

தமிழிலக்கிய மரபில் மலைவழிப் பயணம் புதிய பொருளன்று. பத்துப்பாட்டில் இறுதியாக வைத்தெண்ணப்படும் மலைபடுகடாம் 583 அடிகளில் செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர் குடும்பத்துக்கு மலைவழியைச் சொல்வது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்குள்ளன, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது என்றெல்லாம் அப்பாட்டு வழிகூறுகின்றது. அவ்விடர்களைக் காட்டிலும் அதில் நினைவில் நிற்பது மலைவாழ் குடிகளின் வரவேற்பாகும். கூத்தர் அவ்வீடுகளுள் தம் வீடு போலத் தயங்காது நுழையலாம். வெகுநாட் பழகியவர் போல உரிமையுடன் உண்ணலாம். மன்னனின் பெயரே அவர்களுக்கு அனுமதியாக அமைகின்றது. வழியும் விருந்தும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பது அப்பாட்டின் உட்கிடை.

இதே மலைவழி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டில் வேறொரு நியதிக்குட்பட்டது. கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் கீழிறக்கும் பொருட்டே இங்குப் பாதைகள் வெட்டப்பட்டன. புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தண்டவாளம் வளைந்து நெளிந்து ஏறிய ஒவ்வொரு முடுக்கும் தேயிலைப் பெட்டிகளை எண்ணிப் போடப்பட்டதேயன்றி, வட்டவளையிலிருக்கும் அக்காளைக் கொட்டகலையிலிருக்கும் தம்பி காணவேண்டும் என்பதற்காகப் போடப்பட்டதன்று. பெருவழியிலிருந்து பிரிந்து தோட்டத்துட் செல்லும் வழியோ தனியுடைமை. துரையின் இசைவின்றி அதில் நுழையும் வெளியாள் அத்துமீறியவனாகக் கருதப்படலாம். தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விழைந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குட் புக நேர்ந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. தொழிற்சங்க வரலாற்றின் சுவையான நிகழ்ச்சியாகவே அது வழக்கமாகக் கூறப்படுகின்றது. அதற்கு வேறொரு பொருளும் உண்டு. மலைபடுகடாத்தின் கூத்தன் கேளாது நுழைந்த மலையில், இருபதாம் நூற்றாண்டின் விருந்தினன் முதலில் தன்னை விற்பனையாளனாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

உறவினர் ஏன் தோட்டந்தோட்டமாகச் சிதறிக் கிடந்தனர் என்பதையும் ஈண்டுக் கூறல் வேண்டும். கங்காணி தன் ஊரிலும் தன் சாதியிலும் தன் உறவிலும் ஆள்கட்டி வந்தான். ஆகவே ஒரு கங்காணியின் கீழ் வந்தோர் தொடக்கத்தில் ஓரளவு உறவுக் கூட்டமாகவே இருந்தனர். ஆயின், கடனைக் குறித்த துண்டைக் கையிலேந்தி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு ஆட்களை மாற்றும் துண்டு முறை, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, இக்கூட்டங்களை மலைக்கு மலை பெயர்த்தது. பெண் கொடுத்தலும் எடுத்தலும் அவற்றை மேலும் விரித்தன. ஒரு தலைமுறைக்குள் ஒரே ஊர்ப் பங்காளிகள் திம்புள்ளைப் பள்ளத்தாக்கிலும் டிக்கோயாவிலும் உடப்புசல்லாவையிலும் பரவிவிட்டனர். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை; கடிதம் தோட்டக் காரியாலயத்தோடு நின்றுவிடும்; வந்து சேர்ந்தாலும் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆதலின் கேதம் சொல்லவும் சடங்குக்கு அழைக்கவும் மனிதரே வந்தாகவேண்டியிருந்தது. வானொலியின் மரண அறிவித்தல் பிற்காலத்தில் அப்பணியின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது.

இதனை முதலில் உணர்ந்து சொன்னது எழுத்திலக்கியமன்று, வாய்மொழி இலக்கியமே. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் நூலாக வந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' பெரும்பாலும் உழைப்புத் துயரின் சான்றாகவே எடுத்தாளப்பட்டு வருகின்றது. கங்காணியின் கொடுமையைக் கூறும் பாடல்களே மேடைகளிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. ஆயின் மலையகத்து ஒப்பாரியையும் தாலாட்டையும் கேட்டவர் வேறொன்றையும் உணர்வர். ஒப்பாரி என்பது ஒருவகையில் உறவின் வரிசை. வரவேண்டியவர் எவர், வழியில் நிற்பவர் எவர், வராமற் போனவர் எவர் என ஒவ்வொருவராக அழைத்து நிரற்படுத்துவது. தாலாட்டில் தாய்மாமன் சீரோடு தொலைவிலிருந்து வந்துகொண்டேயிருக்கிறான். தமிழ்த் தாலாட்டின் பொதுமரபு இது எனலாம். எனினும் தாய்மாமன் இன்னொரு தோட்டத்தின் செக்ரோலில் இருக்கும்போது, அவன் வருதல் வெறும் மரபுத்தொடராக நின்றுவிடுவதில்லை. அவன் வந்தால் இரு நாட்பேர் அவனுக்கு அற்றுப்போகும். பேர் அற்றால் சம்பளம் அற்றது. சீரின் விலையோடு இழந்த பேரின் விலையையும் கூட்டியே அவ்வருகையை மதித்தல் வேண்டும்.

உரைநடைப் புனைகதைக்கு வரும்போது நிலைமை மாறுகின்றது. இலங்கைக்கு வந்தறியாத புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக் கேணி' முதற்கொண்டு, 1964இல் வெளியான கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' வரை, கதையை நடத்திச் செல்வது கடல் கடந்த பெரும் பயணமே. 'தூரத்துப் பச்சை' என்னும் தலைப்பே தொலைவிலிருந்து பார்த்து ஏமாந்தோரின் பழமொழியிலிருந்து பிறந்தது. பயணத்தின் முடிவு ஏமாற்றம் என்பதை நாவல் தொடங்குமுன்னரே அறிவித்துவிடுவது. இதற்கடுத்த தலைமுறையினர், அதாவது தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து எழுத வந்தோர், பயணத்தையே ஏறக்குறையக் கைவிட்டனர். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையகச் சிறுகதையின் திருப்புமுனை எனப் போற்றப்படுவது. ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையைப் பிறர் ஐயுறுவதும், அவள் தன் கைத்திறத்தால் அதனை மெய்ப்பிப்பதுமே கதை. கொழுந்து மலையும் நிறுவையிடமும் தவிர வேறு வெளி அக்கதைக்கு வேண்டியதில்லை. அக்கதையின் வலிமை அந்த ஒடுக்கத்திலேயே இருக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. அதனை முன்மாதிரியாகக் கொண்டு பின்னர் வந்தோர் பலர் ஒடுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வலிமையை விட்டுவிட்டனர் என்பதே குறை.

வீரகேசரியின் தோட்ட மஞ்சரிப் பகுதியும், மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் சிறுகதைப் போட்டிகளும், அப்போட்டிக் கதைகளைத் தாங்கி 1971இல் வந்த 'கதைக் கனிக'ளும் ஓர் இலக்கியப் பரம்பரையை உருவாக்கின. இப்பரம்பரைக்கு ஊட்டம் தந்த முற்போக்கு யதார்த்தவாதம் மனிதனை உற்பத்தி நிகழும் இடத்தில் வைத்துப் பார்க்கக் கற்பித்தது. அது காலத்தின் தேவை. துரையையும் கணக்கப்பிள்ளையையும் எதிர்கொள்ளும் தொழிலாளியே அன்று எழுதப்படவேண்டியவனாக இருந்தான். ஆயின் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போனான்? இக்கேள்விக்கு அக்கதைகளுட் பல தரும் விடை, தவறணைக்குப் போனான் என்பதே. தன் மைத்துனன் வீட்டுக்குப் போனவனும் உண்டு. அவனைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கின்றது.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' இவ்விடத்தில் தனித்து நோக்கத்தக்கது. ஒரே காம்பராவில் வளர்ந்த மகளோடும் ஏனைய பிள்ளைகளோடும் வாழ நேர்ந்த தம்பதியின் இடநெருக்கடியை அக்கதை தாங்கவொண்ணாத் துல்லியத்துடன் சொல்லுகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் லயத்துக் காம்பராவின் கணக்கைப் பொருளியல் ஆய்வுகள் எண்களாகத் தந்தன. ஜோசப் அதனை இருட்டாகவும் மூச்சாகவும் வெட்கமாகவும் தந்தார். இக்கதையை வாசித்து முடித்தவர் மனத்தில் ஒரு வினா எழுதல் வேண்டும். வீட்டாருக்கே படுக்க இடமில்லாத இக்காம்பராவுக்கு விருந்தாளி ஒரு குடும்பமாக வந்தால் என் செய்வர்? மலையக வாழ்க்கை அறிந்தோருக்கு இதன் விடை தெரியும். ஆண்கள் இஸ்தோப்பில் சாக்கை விரித்துக்கொள்வர். பெண்களும் குழந்தைகளும் உள்ளே நெருக்கிக்கொள்வர். அடுத்த காம்பராக்காரர் தம் இஸ்தோப்பையும் தருவர். காலையில் ரொட்டி தட்டும் அடுப்பில் அன்று மட்டும் சோறு வேகும். கோழி ஒன்று குறையும். எவரும் இடமில்லை என்று சொல்வதில்லை. 'மீன்கள்' காட்டிய நெருக்கடியை முழுமையாக அளப்பதற்கு, அதே காம்பரா தன்னை விரித்துக்கொள்ளும் இவ்விரவு தேவைப்படுகின்றது. அவலத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக இது கூறப்படுவதன்று. இடமற்ற இடத்தில் இடம் செய்யும் மக்களிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கும்.

சிறுபயணத்தை நாவலின் உயிர்நாடியாக்கும் வாய்ப்புக்கு மிக அணுகி வந்தவர் சி. வி. வேலுப்பிள்ளையே. மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றவர் அவர். பொழுது புலரும் தப்பொலியோடு தொடங்கும் அவருடைய ஆங்கிலக் கவிதை நூல், சக்தீ அ. பால ஐயாவின் மொழிபெயர்ப்பில் 'தேயிலைத் தோட்டத்திலே'யாகத் தமிழுக்கு வந்தது. அக்கவிதையில் மூதாதையர் மண்ணுக்குள் இருக்கின்றனர். தேயிலைத் தூரின் கீழே உறங்குகின்றனர். உறவு அங்கே செங்குத்தானது, தலைமுறைகளுக்கு ஊடாக இறங்குவது. 'வீடற்றவன்' நாவலிலோ உறவு கிடையாக விரிகின்றது. தொழிற்சங்கம் அமைக்க முற்பட்டதனால் வேலையையும் காம்பராவையும் இழந்தவன் தோட்டந்தோட்டமாக அலைகின்றான். பற்றுச்சீட்டு இன்றி எத்தோட்டமும் அவனைப் பேர் பதிந்து ஏற்காது. தொழிலாளியாக எங்கும் இடமற்ற ஒருவன் உறவினனாக மட்டுமே எங்கேனும் தங்கமுடியும் என்பதும், அவ்வாறு தங்குவது தங்க இடம் கொடுத்தவருக்கும் ஆபத்தாகும் என்பதும் அந்நாவற் பொருளினுள் பொதிந்து கிடக்கும் முரண். வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதியாகவும் இருந்தமையால் அவருடைய கவனம் போராட்டத்தின் பக்கமே சாய்கின்றது. விருந்தோம்பலே ஒரு சட்டமீறலாகிவிடும் அந்தச் சூழலை அவர் தொட்டார்; அதிற் போதிய நேரம் நிற்கவில்லை. எனினும் மலையக நாவலில் வழி என்பது கதைக்களமாக மாறியது இங்கேதான் எனலாம்.

புனைகதை கைவிட்ட இடத்தில் சட்டம் புகுந்தது. இதுவே இவ்வாராய்ச்சியின் மையமாக நோக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதை அறியாத மாணவரில்லை. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் விண்ணப்பித்துப் பெறும் ஒரு வாயிலைத் திறந்தது. 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்ததாகக் காட்டுதல் வேண்டும். அதன் பின்னரும் வசிப்புத் தொடர்தல் வேண்டும். ஓராண்டுக்குக் குறைந்த வெளியேற்றம் பொறுத்துக்கொள்ளப்படும். அதனைக் கடந்தால் தொடர்ச்சி அறுந்ததாகும். 'இடையறாத வசிப்பு' என்னும் இத்தொடரைச் சட்ட மாணவர் ஒருவிதமாகவும், ஒரு கதாசிரியன் வேறொரு விதமாகவும் படித்தல் கூடும். திருச்சி மாவட்டத்துச் சிற்றூரில் நோயுற்ற தாயைப் பார்க்கச் சென்று, தாய் இறந்து, கருமாதி முடித்து, தங்கையை ஒருவர் கையிற் பிடித்துக் கொடுத்து, கடன் அடைத்துப் பதினான்கு மாதங் கழித்துத் திரும்பும் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் செய்தவை யாவும் ஒரு மகனின் கடன், ஒரு தமையனின் கடன். சட்டத்தின் முன் அவை இடையறவு. உறவு கண்டவன் நாடிழந்தான். நூல்களின்படி, அச்சட்டத்தின் கீழ் வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம். அவற்றில் உள்ளடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். இறுதியிற் பிரசாவுரிமை எய்தியோர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். நிராகரிப்புகளுக்குக் காரணங்கள் பலவாயினும், ஒருவன் எங்கே, எவரைக் காண, எத்தனை நாள் சென்றான் என்பது அரச விசாரணைக்குரிய பொருளாயிற்று என்பதை மறத்தலாகாது. கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் அந்திகோனே தமையனைப் புதைக்கும் கடமைக்கும் அரசாணைக்கும் நடுவே நிற்கிறாள். அதற்கு ஒப்பான முரண் ஹட்டனில் ஒரு காரியாலய மேசையில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கின்றது. அதனை மையமாகக் கொண்ட பெரும் நாவல் ஒன்று மலையகத்திலிருந்து வந்திருக்கவேண்டும்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக வகுத்துக்கொண்டன. இவ்வகுத்தலில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் ஆனார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்று இப்பெயரையே தாங்கி வந்துள்ளது. ஒரு புகையிரதத்துக்கு ஓர் இலக்கிய வகையின் பெயரை இடுதல் உலகில் வேறெங்கேனும் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. அப்பெயரில் நுட்பமான திறனாய்வு ஒன்று உண்டு. இறப்புக்கு மட்டும் உரியதாயிருந்த ஒப்பாரி, உயிரோடிருப்போரை வழியனுப்பவும் உரியதாயிற்று என்பதை அம்மக்கள் எந்தத் திறனாய்வாளருக்கும் முன்னரே சொல்லிவிட்டனர்.

தாயகம் திரும்பல் என்னும் பொருளில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுதப்பட்ட கதைகள் பலவற்றை வாசிக்குங்கால், ஒரு வார்ப்பு அவற்றில் மீள மீள வருவதைக் காணலாம். கோச்சி புகைவிட்டு நகரும், மேடையில் நிற்பவர் கையசைப்பர், மலைகள் பனியில் மறையும், கதை முடியும். உணர்ச்சிக்குக் குறைவில்லை. ஆயின் ஹட்டன் நிலையத்துக்கு வருமுன் கழிந்த இரு வாரங்களே கதையின் வளமான பகுதி. கடவுச்சீட்டு வந்த குடும்பம் தன் உறவினரை ஒவ்வொருவராகச் சென்று கண்டு விடைபெறும் வழக்கம் இருந்தது. நோர்வூட்டில் ஒரு சின்னம்மாள், அக்கரப்பத்தனையில் ஒரு சம்பந்தி, தலவாக்கலையில் ஒரு கூட்டாளி என அக்குடும்பம் பஸ்ஸிலும் தோட்டத்து லொறியிலும் கால்நடையாகவும் சுற்றியது. பாத்திரங்களைப் பகிர்ந்து கொடுத்தது, ஆட்டுக்குட்டியை விற்றது, பழைய மனத்தாங்கலைப் பேசித் தீர்த்தது அல்லது தீர்க்காமலே விட்டது. அந்தச் சுற்றே மலையகத்தின் உறவு வரைபடம். அது கடைசியாக ஒருமுறை முழுவதும் நடந்து வரையப்பட்ட தருணம். நிலையத்துக் கையசைப்பை எழுதியோர் இச்சுற்றை எழுதியிருப்பின், நாடுகடத்தல் என்பது ஆட்களின் பெயர்ச்சி மட்டுமன்று, வழிகளின் அழிவு என்பதும் வாசகருக்குப் புலப்பட்டிருக்கும். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதி 1979இல் வந்தபோது அத்தலைப்பிலுள்ள எள்ளலைப் பலரும் பாராட்டினர். 'நாம்' என்பதனுள் எவரெவர் அடங்குவர், அவர்களைக் காண எவ்வழியிற் செல்வது என்னும் வினா அதனுள்ளேயே இருந்தது.

மொழிநடை குறித்தும் ஒரு வார்த்தை. மலையகக் கதைகளின் உரையாடலிற் பேச்சு வழக்கு செம்மையாகக் கையாளப்படுகின்றது என்பது பொதுவான பாராட்டு. அப்பேச்சு பெரும்பாலும் கணக்கப்பிள்ளைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிகழ்வது. "ஐயா", "சாமி", "தொரை" என்னும் விளிகளால் ஆனது. உறவினர் ஒருவரையொருவர் விளிக்கும் சொற்களின் வளம், அம்மான், மச்சான், மதினி, சம்பந்தி என வயதையும் முறையையும் கொடுக்கல் வாங்கலையும் ஒருங்கே உணர்த்தும் அம்முறைமை, கதைகளில் அருகியே வருகின்றது. மேலதிகாரியை விளிக்கும் சொல்லால் மட்டும் ஒரு சமூகத்தின் மொழி ஆகிவிடாது.

ஒப்பந்தத்தின் கீழ் சென்ற, பிள்ளைகளையும் சேர்த்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோரில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தப்பட்டனர். கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் மீண்டும் அதே கொழுந்து, அதே குளிர். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஒரு தலைமுறை எழுத்தாளரை ஊக்கிய இர. சிவலிங்கம் அவர்களும் இந்தியாவுக்குச் சென்று தாயகம் திரும்பியோரிடையே பணியாற்றியவரே. அங்கிருந்தோர் இங்குள்ள உறவினரைக் காண வருதல் 1984இல் இராமேசுவரம் தலைமன்னார்க் கப்பல் நின்றதும் எளியோருக்கு ஏறத்தாழ இயலாததாயிற்று. நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. ஆயின் உரிமை வந்தபோது காண வேண்டியவரிற் பலர் இல்லை.

இன்று நுவரெலியா வீதியில் இருவகைக் குடும்பங்கள் பயணஞ் செய்கின்றன. ஏப்பிரில் மாத வசந்த விழாவுக்குக் கொழும்பிலிருந்து வருவோர், தேயிலைச் சரிவில் நின்று படம் பிடிப்பர். படத்தின் பின்னணியிற் கூடையோடு ஒரு பெண் நிற்பாள். அதே வீதியில், கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைபார்க்கும் மலையகத்து இளைஞர் நால்வர் ஐவராகச் சேர்ந்து வாடகை வேன் ஒன்றில் தோட்டத்துத் தேர்த் திருவிழாவுக்கோ ஒரு சாவுக்கோ ஏறிச் செல்வர். முன்னவரின் பயணத்தை எழுதப் பயணக் கட்டுரைகள் பல உள. பின்னவரின் பயணம் அண்மைக் காலத்தில் மலையகப் பெண்கள் எழுதும் சிறுகதைகளில் ஆங்காங்கே தலைகாட்டத் தொடங்கியிருப்பது நம்பிக்கை தருவது. கட்டிக்கொடுத்த தோட்டத்திலிருந்து பிறந்த தோட்டத்துக்கு வரும் மகளின் பயணத்தை ஆண் எழுத்தாளர் ஏனோ ஒரு பொருளாகக் கொள்ளவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும் பேர் இழப்பதும் ஒரே கணக்கில் வரும் அவ்வாழ்க்கையைப் பெண்கள்தாம் எழுதவேண்டியிருந்தது.

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி, முன்னோர் நடந்த வழியே ஆகத்து நடுப்பகுதியில் மாத்தளையை அடைந்தது. அது வேண்டிய செயலே. பெரும் பயணம் மீண்டும் ஒருமுறை நினைவிற் பதிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. கோத்தகிரியிலிருந்து அக்கப்பலேறி வரும் ஒரு முதியவள், வடமுனையில் இறங்கி, யாழ்ப்பாணம், வவுனியா, கண்டி என நாடு முழுவதையும் நெடுக்காகக் கடந்தே தன் தங்கையிருக்கும் லயத்தின் இஸ்தோப்பை அடைதல் வேண்டும். அவளுடைய சிறுவயதில் மாலையில் ஹட்டனில் ஏறினால் மறுநாள் கரை தெரிந்தது.